அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாய் பார்த்த நாட்கள்

புதன்கிழமை, புதுப்பாளையம்

ஈரோட்டிலிருந்து பவானி, பவானியில் ஒரு டீ, அங்கிருந்து அந்தியூர் பஸ். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழா நடக்கும்போது, அந்தியூரை ஒட்டிய புதுப்பாளையத்தில் கால்நடைச் சந்தை கூடும். தமிழ்நாட்டில் குதிரை வைத்திருக்கும் யாருக்கும் இந்தச் சந்தையைத் தெரியாமல் இருக்காது. திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கேதான் குதிரை வாங்கினார் என்று ஊரில் சொல்கிறார்கள். மாடு, எருமை, ஆடு எல்லாம் உண்டு. நான் வந்தது குதிரைக்காக, அதிலும் குறிப்பாகக் குதிரையின் வாய்க்காக.

கூட வந்திருப்பவர் கோபிச்செட்டிபாளையத்து மாமா. அவருக்கு ஒரு பெட்டைக்குதிரை வாங்க வேண்டும். "பல்லு பாக்க நீ வந்தாத்தான் ஆச்சு மாப்ளே" என்று போன வாரமே சொல்லிவிட்டார். எங்கள் தாத்தா ஜட்கா ஓட்டியவர். ஒரு குதிரையின் பக்கத்தில் போனால் அதன் உதட்டைத் தூக்கிப் பார்க்காமல் என்னால் திரும்ப முடியாது.

மதியத்துக்குள் ஒரு சுற்று வந்துவிட்டோம். காது நுனிகள் ஒன்றையொன்று தொடும் மார்வாரி, கத்தியவாரி, ரோஜா நிறத் தோலோடு வெள்ளை வெளேரென்று நிற்கும் நொக்ரா, பிள்ளைகள் ஏறிப் பார்க்கும் மட்டக்குதிரை. ஒரு மூலையில் மேளச் சத்தத்துக்குக் கால் மாற்றிப்போடும் நாட்டியக் குதிரையைச் சுற்றி நல்ல கூட்டம். வாங்க வருகிறவர்கள் முதலில் சுழி பார்க்கிறார்கள். நெற்றியில் எத்தனை, கழுத்தில் எங்கே என்று பார்த்துப் பாதிக் குதிரைகளைக் கழித்துவிட்டு அப்புறம்தான் பல்லுக்கு வருகிறார்கள்.

வியாபாரி பாய் ஒருவர் பழுப்புநிறப் பெட்டை ஒன்றின் வாயைத் திறந்து காட்டிய விதம் அழகாக இருந்தது. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே குதிரைக்கு ஒரு வெற்றிடம் உண்டு. கடிவாளக் கம்பி உட்காருவது அங்கேதான். பக்கவாட்டில் அந்த இடத்தில் கட்டைவிரலை நுழைத்தால் குதிரை தானாக வாயைத் திறக்கும். நாக்கைப் பிடித்து ஓரமாக ஒதுக்கிவிட்டு, "பாத்துக்குங்க, வயசு அஞ்சு" என்றார்.

பார்த்தேன். அஞ்சுதான்.

மாட்டுக்குச் சொல்வதுபோலவே குதிரைக்கும் ரெண்டு பல், நாலு பல், ஆறு பல் என்றுதான் இங்கே பேச்சு. மாட்டுக்குக் கீழ்த்தாடையில் மட்டும் எட்டு முன்பல். குதிரைக்கு மேலே ஆறு, கீழே ஆறு. குட்டி பிறந்து ஒரு வாரத்துக்குள் நடு ஜோடி பால்பல் வந்துவிடும். ஒன்று ஒன்றரை மாதத்தில் அடுத்த ஜோடி, ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் ஓர ஜோடி. இரண்டரை வயதில் நடு ஜோடி விழுந்து நிலைப்பல் முளைக்கும், மூன்றரையில் அடுத்தது, நாலரையில் ஓரம். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். பாய் காட்டிய பெட்டைக்குக் கீழ் ஓரப்பல் முளைத்திருந்தது, ஆனால் மேற்பல்லோடு உரசித் தேயத் தொடங்கவில்லை. வயது சொல்ல அதுவே போதும். ஆண்குதிரையாக இருந்தால் அந்த வெற்றிடத்தில் கோரைப்பல் ஒன்றும் இந்த வயதை ஒட்டி எட்டிப் பார்க்கும். பெட்டைக்குப் பெரும்பாலும் அது வராது.

ஐந்துக்கு மேல் தேய்மானத்தை வைத்துத்தான் கணக்கு. புதுப் பல்லின் நுனியில் கறுத்த குழி ஒன்று இருக்கும். கீழ்த்தாடையில் நடு ஜோடியின் குழி ஆறு வயதையொட்டி மறையும், அடுத்தது ஏழில், ஓரப்பல்லில் எட்டில். பத்து வயதுவாக்கில் மேல் ஓரப்பல்லின் வெளிப்பக்கம் ஈறோரத்தில் ஒரு பழுப்புப் பள்ளக்கோடு தெரியும். பதினைந்தில் பாதிப் பல்லுக்கு இறங்கி, இருபதில் நுனியைத் தொட்டு, அப்புறம் மேலிருந்து மறையத் தொடங்கும். 19ஆம் நூற்றாண்டுக் குதிரைப் பயிற்சியாளர் கால்வெயின் பெயரால் இதை உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். பிறந்த தேதி தெரிந்த குதிரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்த மருத்துவர்கள், இந்தக் கணக்கு சில வருடம் முன்னே பின்னே போகும் என்கிறார்கள். மணல் கலந்த புல் தின்ற குதிரைக்குப் பல் வேகமாகத் தேயும், லாயத்தில் மெத்தென்று வளர்ந்ததற்கு மெதுவாகத் தேயும். எட்டு வயதுக்கு மேல் யாராவது "சரியா பதிமூணு" என்று அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். கிழக்குதிரையின் பல்லைக் குடைந்து, குழிக்குக் கறுப்பேற்றி இளசாக்கி விற்கும் மோசடி ஐரோப்பியச் சந்தைகளில் பல காலம் நடந்தது. குழியைச் சுற்றி இருக்க வேண்டிய எனாமல் வளையத்தை மட்டும் யாராலும் போலியாகச் செய்ய முடியாது என்பதால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மாமாவுக்கு அந்தப் பெட்டை பிடித்துப்போயிற்று. "முன்பல்லு சுத்தமா இருக்குதில்ல, பேசிரலாமா?" என்றார். நாளைக்குப் பேசலாம் மாமா, பின்பல்லைப் பார்க்கவில்லையே என்றேன்.

வியாழக்கிழமை, சந்தைக்குள்ளேயே

இன்று முழுக்கக் கடைவாய்தான்.

காலையில் பழக்கமான கால்நடை மருத்துவர் ஒருவர் வந்திருந்தார். வேப்பமரத்தடியில் ஒரு சாம்பல்நிற ஆண்குதிரைக்குப் பல் ராவப் போகிறார் என்று தெரிந்ததும் போய் நின்றுகொண்டேன். தலை தொங்கும் அளவுக்கு மயக்க ஊசி. வாயை அகலத் திறந்து நிறுத்தும் இரும்புச் சட்டம். நெற்றியில் விளக்கு. அவர் பார்த்து முடித்ததும், "கையை விட்டுப் பாருங்க, ஓரத்தை மட்டும் பாத்துத் தொடுங்க" என்றார். கன்னத்துக்கும் மேல்வரிசைப் பல்லுக்கும் நடுவே விரலை ஓட்டினேன். வெளிவிளிம்பு முழுக்கக் கூர்கூராக நின்றது. அதற்கு நேர் எதிரே கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாகப் புண் தழும்பு. இரண்டு இடத்தில் பச்சைப் புண். அந்தக் குதிரை நேற்று நாட்டியத்துக்கு நின்ற குதிரை. தலையை உதறி உதறி ஆடுகிறது என்று கூட்டம் கைதட்டியது. கடிவாளத்தை இழுக்கும்போதெல்லாம் கன்னம் பல்லில் உரசியிருக்கிறது. இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

ஏன் அப்படிக் கூர் விழுகிறது? குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட ஏறக்குறையக் கால் பங்கு அகலம். அதனால் இரண்டு வரிசையும் நேருக்கு நேர் முழுதாகப் பொருந்தாது. கீழ்த்தாடை பக்கவாட்டில் வெளியே போய், மேலேறி, உள்பக்கமாக அழுத்தி இழுத்து அரைக்கிறது. ஒரு சமயத்தில் ஒரு பக்கம்தான். புல் தின்னும்போது இந்த வீச்சு அகலமாக இருக்கும், பல்லின் முழுப் பரப்பும் தேயும். தானியம் கொடுத்தால் வீச்சு குறுகி, தாடை மேலும் கீழும் போவதுபோல ஆகிவிடுகிறது. அப்போது மேல்வரிசையின் வெளிவிளிம்பும் கீழ்வரிசையின் உள்விளிம்பும் தேயாமல் கூராக நின்றுவிடும். மேலே கன்னம் கிழியும், கீழே நாக்கு.

பக்கத்துக்கு ஆறு என்று மேலும் கீழுமாக இருபத்து நான்கு கடைவாய்ப் பல். இடைவெளியே இல்லாமல் நெருக்கி நிற்பதால் ஒவ்வொரு வரிசையும் ஒரே கல் மாதிரி வேலை செய்கிறது. நம் வீட்டு ஆட்டுக்கல் வழுவழுப்பாகிவிட்டால் கல் கொத்துகிறவரைக் கூப்பிட வேண்டும். குதிரையின் பல் தன்னைத்தானே கொத்திக்கொள்கிறது. எனாமல், டென்டின், சிமென்ட்டம் என்று மூன்று பொருள் மடிப்பு மடிப்பாக அதில் இருக்கின்றன. மூன்றுக்கும் கடினம் வேறு வேறு. மென்மையானது முன்னால் தேய, எனாமல் மட்டும் வரப்பு வரப்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். தேயத் தேயக் கூர்மை குறையாது.

நாம் வாயில் பார்ப்பது பல்லின் நுனியை மட்டும்தான். இளங்குதிரையின் கடைவாய்ப் பல் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம், பெரும்பகுதி தாடை எலும்புக்குள் புதைந்திருக்கும். வருடத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தேய்கிறது, அதே அளவு உள்ளிருந்து வெளியே தள்ளப்படுகிறது. புதிதாக வளர்வதில்லை, சேர்த்து வைத்ததைச் செலவு செய்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், இருபத்தைந்து முப்பது வயதில் இருப்பு தீர்ந்துவிடும். நன்றாகப் பராமரிக்கும் குதிரையின் ஆயுளும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மருத்துவர் நீளக் கைப்பிடி போட்ட அரத்தால் ராவினார். கூரை மட்டும் எடுக்கிறார், அரைக்கும் பரப்பைத் தொடவே இல்லை. அந்த வரப்புகளை வழித்துவிட்டால் குதிரைக்கு அரைக்க ஒன்றும் இருக்காது. பார்ப்பதற்குப் பயமாக இருக்கும், ஆனால் உணர்ச்சியுள்ள பகுதி உள்ளே தள்ளி இருப்பதால் அளவோடு ராவினால் வலிக்காது. மேல்வரிசைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நின்ற ஒரு பொடிப் பல்லையும் எடுத்தார். ஓநாய்ப் பல் என்கிறார்கள். எந்த வேலையும் செய்யாத பல், சில குதிரைகளுக்குக் கடிவாளம் இடித்து வலி கொடுக்கும். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைத் திட்டுகிறோமே, மூடுகிற வாய்க்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத் திட்டலாம்.

சாயங்காலம் தேர் பார்க்கப் போனோம். உயரமான மகமேரு தேர்களைத் தோளில் சுமந்து வனக்கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். நெரிசலில் மாமாவைத் தொலைத்துவிட்டுப் பொரிகடலைக் கடையில் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை, விலை பேசிய நாள்

பாயிடம் போய், "குதிரை தின்னுறதை அரை மணி நேரம் பாத்துட்டு அப்புறம் பேசலாமுங்களா?" என்று மாமா கேட்டார். பாய் முதலில் யோசித்தார். பிறகு அவரே ஒரு கட்டு அருகம்புல்லை அவிழ்த்துத் தரையில் போட்டார்.

தரையில் போட்டது நல்லது. தலை குனியும்போது கீழ்த்தாடை சற்று முன்னே சரிந்து, பல்வரிசைகள் பொருந்தவேண்டிய மாதிரி பொருந்தும். கழுத்து உயரத்துக்குத் தொட்டி கட்டித் தின்ன வைத்தால் அது நடக்காது.

பெட்டை மேலுதட்டால் புல்லைத் துழாவிப் பிரித்தது. ஒரு காய்ந்த குச்சியை உதட்டாலேயே ஒதுக்கித் தள்ளிவிட்டது. முன்பல்லால் வெட்டி, நாக்கால் பின்னுக்குத் தள்ளி, அரைக்கத் தொடங்கியதும் கன்னத்தில் காதை வைத்தேன். இந்தச் சத்தத்தை நீங்கள் ஒரு தடவையாவது கேட்க வேண்டும். நிதானமாக, தாளம் தப்பாமல் கரகரவென்று வரும். நல்ல வாயென்றால் ஒரே அளவு இடைவெளியில் வந்துகொண்டே இருக்கும். சிறிது நேரம் இடப்பக்கம், அப்புறம் வலப்பக்கம். இடையில் நின்று தலையைச் சாய்த்தாலோ, ஒரு பக்கத்தை மட்டும் விடாமல் பயன்படுத்தினாலோ உள்ளே ஏதோ கோளாறு. இவளுக்கு இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனது. அடுத்து சாணத்தைக் காலால் பிரித்துப் பார்த்தேன். முழுக் கொள்ளோ நீளமான புல்துண்டோ கிடந்தால் சரியாக அரைக்கவில்லை என்று அர்த்தம். ஒன்றும் இல்லை. பாய் அதுவரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர், தன் இன்னொரு குதிரையின் சாணத்தையும் பிரித்துக் காட்டி, "இதையும் பாருங்க" என்றார்!

அந்த இன்னொரு குதிரை ஒரு வயதான பெட்டை. விற்க அல்ல, துணைக்குக் கூட்டி வந்தது. அதன் காலடியில் சுருட்டிச் சுருட்டிப் போட்டதுபோல ஈரமான புல் உருண்டைகள் கிடந்தன. மெல்லுகிறது, அரைபடவில்லை, உருட்டி வெளியே துப்பிவிடுகிறது. நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருந்தாலும் விலா எலும்பு தெரிந்தது. மருத்துவரைக் கூட்டி வந்தோம். ஒரு மேல் கடைவாய்ப் பல் இல்லை, அதற்கு நேர் கீழே இருந்த பல் தேய ஆளில்லாமல் உயர்ந்து மேல் ஈறை இடிக்கிறது. அந்தப் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக, சில மாத இடைவெளி விட்டு ராவலாம் என்றார். நீளப் புல் இனி முடியாது. பொடிப்பொடியாக நறுக்கிய தீவனத்தைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார். இதைச் செய்யாவிட்டால் உணவுக்குழாய் அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் அரைபடாத நார் குடலில் கட்டிக்கொண்டு வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. பாய் உடனே பையனை அனுப்பி அரிவாள்மணை ஒன்று வாங்கி வரச் சொன்னார்.

மெல்லுதல் என்பது குதிரைக்கு வெறும் நொறுக்குகிற வேலை இல்லை. நமக்குச் சாப்பாட்டை நினைத்தாலே எச்சில் ஊறும். குதிரைக்கு மென்றால்தான் ஊறும். நாளைக்கு முப்பத்தைந்து நாற்பது லிட்டர் வரை சுரக்கிறது. இரைப்பையில் அமிலம் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருப்பதால் இந்த எச்சிலில் உள்ள உப்புகள்தான் அதைத் தணிக்கின்றன. ஒரு கிலோ காய்ந்த புல்லைத் தின்ன ஒரு குதிரை சுமார் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டு மூவாயிரம் தடவைக்கு மேல் மெல்லும். அதே ஒரு கிலோ ஓட்ஸ் என்றால் பத்தே நிமிடம், ஆயிரத்துக்கும் குறைவான மெல்லல். மேய விட்டால் ஒரு நாளில் பதினாலு மணி நேரத்துக்கு மேல் வாய் ஓயாத பிராணி இது. அதற்கு வாளியில் தானியத்தைக் கொட்டிவிட்டு மிச்ச நேரம் முழுக்கக் கட்டிப்போட்டால் எச்சில் வற்றி இரைப்பை புண்ணாகும். பொழுது போகாமல் கட்டையைக் கடிக்கும், முன்பல் தேயும்.

பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை இறங்குகிறது, ஆனால் தங்குவதில்லை, செத்துப்போகின்றன என்று எழுதினார். சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் கொடுக்கிறார்கள் என்று குறை சொல்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், வெண்ணெயில் வறுத்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்தார்கள் என்கிறார். வெயிலும் நோயும் சேர்ந்திருக்கும், எல்லாவற்றையும் தீவனத்தின் தலையில் போட முடியாது. என்றாலும் பாலுக்கும் சோற்றுக்கும் அந்தப் பற்களுக்கு என்ன வேலை? கொடுத்தவர்கள் பாசத்தில்தான் கொடுத்திருப்பார்கள். இன்றும் கொள்ளும் தவிடும் நிறையக் கொடுப்பதுதான் கவனிப்பு என்று நினைக்கிறவர்களைச் சந்தை முழுக்கப் பார்த்தேன். அவர்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. புல்லை முதலில் போடுங்கள் என்றுதான் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாலை மருத்துவர் மாமாவின் பெட்டைக்கும் வாய் பார்த்தார். இரண்டே இடத்தில் லேசான கூர், இப்போதைக்குத் தேவையில்லை, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார். துண்டுக்குள் கைவிட்டு விலை முடிந்தது. தொகையை எழுத வேண்டாம் என்று மாமா உத்தரவு.

சனிக்கிழமை, பர்கூர் மலைப்பாதை

மாமா விடியற்காலையிலேயே குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பர்கூர் பஸ் ஏறினேன். சந்தைக்கு வந்திருந்த செம்பழுப்பில் வெள்ளைத் திட்டுப் போட்ட பர்கூர் மாடுகளை அவற்றின் மலையிலேயே பார்க்க ஆசை.

பாதையோரச் சரிவில் ஒரு மந்தை படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. மாட்டுக்கு மேலே முன்பல்லே கிடையாது, தடித்த ஈறுதான். நாக்கால் புல்லைச் சுருட்டி இழுத்துப் பாதி மென்று விழுங்கிவிட்டு, அப்புறம் சாவகாசமாக மேலே கொண்டுவந்து மறுபடி மெல்லும். குதிரைக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை. முதல் தடவை அரைத்ததுதான், விழுங்கிவிட்டால் போயிற்று. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதற்குப் பெருங்குடலில்தான் இருக்கின்றன, அங்கே போய்ச் சேருவதற்குள் புல் பொடியாகியிருக்க வேண்டும். ஒரு பல் போனால் மாடு சமாளித்துவிடும், குதிரை இளைத்துப்போவது இதனால்தான்.

சரிவில் இறங்கி ஒரு புல்லைப் பிடுங்கி விரலால் எதிர்ப்பக்கமாக இழுத்தேன், தோல் கீறியது. புல்லுக்குள் இருக்கும் சிலிக்கா. சுமார் ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் குதிரையின் மூதாதைகள் நாய் அளவில், குட்டைப் பல்லோடு காட்டில் தழை தின்றுகொண்டிருந்தன. வட அமெரிக்காவில் புல்வெளி விரிந்த பிறகு, இரண்டு கோடி ஆண்டுகளுக்கு இந்தப் பக்கம், பல் உயர்ந்துகொண்டே போனது. புல்லும் அதோடு ஒட்டி வரும் மண்ணும் சேர்ந்துதான் அந்த நீளப் பல்லைக் கொண்டுவந்தன. நம் நாட்டில் சிவாலிக் மலைகளில் மூன்று விரல் குதிரைகளின் பற்கள் கல்லாகிக் கிடைக்கின்றன. எலும்பு மட்கிப் போனாலும் பல் நிற்கும்.

மதியம் மாமாவிடமிருந்து போன். குதிரை நல்லபடியாக இறங்கிவிட்டது. தொட்டியை உடைத்துத் தரையோடு சமமாகத் திண்ணை போட ஆள் வந்துவிட்டது.

"புல்லு எவ்வளவு போடோணும் மாப்ளே?"

"அவள் எடை முந்நூற்றைம்பது கிலோ இருக்கும் மாமா. காய்ந்த கணக்கில் நாளைக்கு அஞ்சேகால் கிலோவாவது வேணும். பச்சைப் புல்லுன்னா அதுபோல மூணு நாலு மடங்கு. ஒரே தடவையாப் போடாம பிரிச்சுப் போடுங்க, ராத்திரிக்கும் இருக்கட்டும்."

"அப்ப நான் ஒரு மூட்டை கொள்ளு வாங்கி வெச்சிருக்கறனே, அதை என்ன பண்ணட்டும்?"

"ஊறவைத்து வேகவைத்து ஒரு பிடி கொடுங்க மாமா, புல்லு தின்ன அப்புறம். மிச்சத்தை அத்தைகிட்டக் கொடுத்து ரசம் வைக்கச் சொல்லுங்க, நான் திங்கட்கிழமை வர்றேன்."